தேர்வின் விலை: இன அடையாளத்தில் தனிமனிதரும் சமூகமும்



இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இன அடையாளம். ஒருவர் இன்ன இனத்தவர் என்பது அவராகத் தெரிந்தெடுப்பதா, சமூகம் அவர்மேல் எழுதிவைப்பதா என்பது கேள்வி. 'இனம்' என்ற சொல் தமிழ் இலக்கணம் படித்தவருக்குப் பழகிய சொல். பிறக்கும் இடம், முயற்சி, அளவு, பொருள், வடிவு முதலானவற்றுள் ஏதேனும் ஒரு வகையில் ஒத்திருப்பதே இனம் என்று நன்னூல் எழுத்துகளைப் பற்றிச் சொல்கிறது. எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டியதில்லை. ஒரு புடை ஒப்பு இருந்தால் போதும். ககரம் ஒலிக்கும் வன்மையால் சகரத்தோடு சேர்ந்து வல்லினம். பிறக்கும் இடத்தால் அதே ககரத்துக்கு ஙகரம் இன எழுத்து. எந்த ஒப்பை எடுக்கிறோமோ அதற்கேற்ப உறவு மாறுகிறது. எழுத்துகளுக்கு அந்த ஒப்பைத் தேர்ந்துகொடுப்பவர் இலக்கண ஆசிரியர். அதனால் எந்த எழுத்தும் வீடிழப்பதில்லை, சிறைப்படுவதில்லை. மனிதர்களைப் பொறுத்தவரை அந்த ஒரு புடையைத் தேர்ந்தவர் யார், அதற்காக யார் எதை இழந்தார் என்பதைத்தான் இந்த உரை முழுவதும் கேட்கப்போகிறேன்.

இந்தப் பொருளில் இரண்டு கட்சிகள் எதிரெதிரே நிற்கின்றன. அடையாளம் அவரவர் மனத்துக்குரியது, ஒருவர் தம்மை யாரென்று சொல்கிறாரோ அதுவே அவர் என்பது ஒரு கட்சி. சட்டமும் பள்ளியும் காவல்துறையும் அண்டை வீட்டாரின் கண்ணும் சேர்ந்து இட்ட முத்திரைதான் இனம், அதில் தனிமனிதருக்கு இடமே இல்லை என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் தேர்வு இருக்கிறதா, இல்லையா என்ற அளவிலேயே இரண்டும் நின்றுவிடுகின்றன. தேர்வு ஏறத்தாழ எப்போதும் எங்கேயோ கொஞ்சம் இருந்தே வந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் வேறுபட்டது அதன் விலை. ஒருவருக்கு இனாமாகக் கிடைத்த தேர்வுக்கு இன்னொருவர் தாயையும் உடன்பிறந்தவர்களையும் விலையாகக் கொடுத்தார். வேறொருவர் சிறைக்குப் போனார். சமூக அமைப்பு தனிமனிதரின் தேர்வை அழித்துவிடுவதில்லை. அதற்கு விலை குறிக்கிறது. இதுதான் என் வாதம். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றை முதன்மைச் சான்றாகவும், தென்னாப்பிரிக்கா, பிரேசில் ஆகியவற்றைத் துணைச் சான்றுகளாகவும் கொள்கிறேன்.

அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. சுதந்திரமான வெள்ளையர், ஏனைய சுதந்திர மனிதர், அடிமைகள் என்பவையே அதன் அடிப்படைப் பிரிவுகள். அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுள் சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடிமகனாகலாம் என்றது. நூறு ஆண்டு கழித்து, 1890இல், கணக்கெடுப்பாளர் கையில் கொடுக்கப்பட்ட அறிவுரையைப் பாருங்கள். முக்கால் பங்கும் அதற்கு மேலும் கறுப்பு இரத்தம் உடையவர் 'பிளாக்'. எட்டில் மூன்று முதல் எட்டில் ஐந்து வரை உடையவர் 'முலாட்டோ'. நாலில் ஒன்று உடையவர் 'குவாட்ரூன்'. எட்டில் ஒன்றோ, அதிலும் குறைந்த சுவடோ உடையவர் 'ஆக்டரூன்'. வீட்டு வாசலில் நின்று, கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்து, இந்தப் பின்னத்தை அந்த அலுவலர் எழுத வேண்டும். யார் வீட்டிலும் இரத்தத்தை அளக்கும் படி கிடையாது. கண்ணில் பட்ட நிறமும், அக்கம்பக்கத்துப் பேச்சும், அலுவலரின் முன்முடிவும் சேர்ந்து பின்னமாயின. 1900இல் இந்த நுணுக்கப் பிரிவுகள் கைவிடப்பட்டன. முலாட்டோ மட்டும் 1910இலும் 1920இலும் திரும்ப வந்து, 1930இல் மறைந்தது. அந்த ஆண்டு முதல், எவ்வளவு சிறு பங்கு ஆப்பிரிக்க இரத்தம் இருந்தாலும் அவர் 'நீக்ரோ' என்றே எழுதப்பட வேண்டும் என்ற 'ஒரு துளி' விதி கணக்கெடுப்பின் சட்டமாயிற்று. 1920இல் முலாட்டோவாக இருந்த ஒருவர் பத்து ஆண்டில் நீக்ரோ ஆனார். அவர் உடலிலும் வம்சத்திலும் ஒன்றும் மாறவில்லை. வாஷிங்டனில் அச்சான படிவம் மாறிவிட்டது.

படிவத்துக்கு அடுத்தபடி நீதிமன்றம். ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் படித்த தக்காவ் ஒசாவா, தம் தோல் பல வெள்ளையரின் தோலைவிட வெளுப்பானது என்று வாதிட்டுக் குடியுரிமை கேட்டார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது: வெள்ளையர் என்றால் தோல் நிறமன்று, 'காக்கேசிய' இனத்தவர் என்றே பொருள். மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பஞ்சாபில் பிறந்தவரும் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவருமான பகத் சிங் திந்தின் வழக்கு வந்தது. அன்றைய அறிவியல் வகைப்பாட்டின்படி வட இந்தியர் காக்கேசியரே என்பது அவர் வாதம். ஒசாவா தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் இம்முறை, அறிவியல் வகைப்பாடு முக்கியமன்று, சாதாரண மனிதர் வெள்ளையர் என்று யாரைப் புரிந்துகொள்கிறாரோ அவரே வெள்ளையர் என்று எழுதினார். முதல் வழக்கில் கண்ணுக்குத் தெரிவது தள்ளப்பட்டு அறிவியல் ஏற்கப்பட்டது. இரண்டாவதில் அறிவியல் தள்ளப்பட்டுக் கண்ணுக்குத் தெரிவது ஏற்கப்பட்டது. ஒரு புடை ஒப்பு என்றேனே, அந்தப் புடையைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் அதிகாரம் இதுதான். இத்தீர்ப்பை அடுத்து, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. 1920 முதல் 1940 வரை மூன்று கணக்கெடுப்புகளில் இந்தியர் எந்த மதத்தவரானாலும் 'ஹிந்து' என்ற இனமாக எழுதப்பட்டனர். திந்த் ஒரு சீக்கியர்.

இவ்வளவு இறுக்கமான அமைப்பில் தனிமனிதரின் தேர்வுக்கு என்ன இடம் இருந்திருக்க முடியும்? இருந்தது. 1892 ஜூன் 7ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி முதல் வகுப்புச் சீட்டு வாங்கி ரயிலின் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்தார். அவருடைய முன்னோரில் எட்டில் ஏழு பங்கினர் ஐரோப்பியர். பேசாமல் இருந்திருந்தால் யாரும் எழுப்பியிருக்க மாட்டார்கள். ஆனால் நடத்துநர் கேட்டபோது, ஆம், நான் நிறமுடையவன்தான் என்று சொன்னார்; எழுந்து போக மறுத்தார்; கைதானார். வெள்ளையருக்கும் நிறமுடையவருக்கும் தனித்தனி ரயில் பெட்டி என்ற மாநிலச் சட்டத்தை எதிர்க்க உள்ளூர்க் குடிமக்கள் குழு ஒன்று முன்கூட்டியே திட்டமிட்ட செயல் அது. வெள்ளையராக வாழக்கூடிய ஒருவர் கறுப்பராகத் தம்மை அறிவித்தார். 1896இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. யார் நிறமுடையவர் என்பதை அந்தந்த மாநிலச் சட்டமே சொல்லிக்கொள்ளட்டும் என்றும் விட்டுவிட்டது. பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் கட்டினார். லூசியானா மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2022 ஜனவரியில்.

பிளெஸ்ஸிக்கு மறுபக்கத்தில், வாய் திறக்காமல் வெள்ளையராகவே வாழ்ந்து முடித்தவர்கள் பலர். இதை அங்கே 'பாஸிங்' என்பார்கள். நெல்லா லார்சன் 1929இல் எழுதிய நாவலுக்கு இந்தச் சொல்லே பெயர். வேலை, வீடு, வாக்கு, பாதுகாப்பு எல்லாம் இந்த வழியில் கிடைத்தன. ஆனால் கறுத்த நிறமுள்ள தாயோ தம்பியோ வாசலில் வந்து நிற்கக் கூடாது. ஊர் மாற வேண்டும். கடிதம் நிற்க வேண்டும். பெற்றவள் சாவுக்குப் போக முடியாது. பிறக்கும் குழந்தையின் நிறத்தை எண்ணிக் கர்ப்பகாலம் முழுவதும் அஞ்ச வேண்டும். இந்தப் பாதையை மறுத்தவர்களுள் வால்டர் ஒயிட் ஒருவர். வெளுத்த தோல், நீலக் கண், பொன்னிற முடி. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் செயலாளராக 1955இல் இறக்கும்வரை இருந்தார். கும்பல் கொலைகளை விசாரிக்கத் தெற்கு மாநிலங்களுக்குப் போகும்போது தம் தோற்றத்தைக் கேடயமாக்கிக்கொண்டார். ஊர் திரும்பியதும் கறுப்பராகவே வாழ்ந்தார். 1931இல் அட்லாண்டா நகரில் அவருடைய தந்தை கார் மோதி அடிபட்டபோது, நிறத்தைப் பார்த்து வெள்ளையர் பகுதியில் சேர்த்துச் சிகிச்சை தொடங்கினார்கள். கறுத்த நிறமுள்ள உறவினர் ஒருவர் தேடிக்கொண்டு வந்ததும், நோயாளியைக் கட்டிலிலிருந்து எடுத்துத் தெருவுக்கு அப்பாலிருந்த கறுப்பர் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே சில நாளில் அவர் இறந்தார். அடிபட்டவரின் எலும்பும் இரத்தமும் இரண்டு கட்டிடத்திலும் ஒன்றே. பார்க்க வந்தவர் யார் என்பதே அவர் இனத்தையும், கிடைக்கும் மருத்துவத்தையும் தீர்மானித்தது.

இப்போது இதற்கு நேர்மாறான ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சமூகவியலாளர் மேரி வாட்டர்ஸ் 1990இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர் தம் பூர்விகத்தை எப்படித் தெரிந்தெடுக்கிறார்கள் என்பதைக் காட்டியது. அயர்லாந்துப் பாட்டியும் ஜெர்மானியத் தாத்தாவும் உள்ள ஒருவர் தம்மை ஐரிஷ்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். திருவிழா நாளில் மட்டும் அப்படி இருக்கலாம். நாளைக்கு அதை மறந்தும் போகலாம். வேலையோ வீடோ போகாது. இதுவும் தேர்வுதான். வால்டர் ஒயிட்டின் தேர்வும் தேர்வுதான். தேர்வு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறித்துவிட்டு நகர்ந்தால் உண்மையில் பாதியை மறைத்தவர்களாவோம். தம் அடையாளம் தம் விருப்பம் என்று எளிதாக நம்ப முடிகிறவர், பெரும்பாலும் அதற்கு விலை கொடுக்க நேராதவர்.

1960 முதல் அமெரிக்கர் தம் இனத்தைத் தாமே எழுதத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் குறியிடவும் வழி பிறந்தது. 2000, 2010 ஆகிய இரு கணக்கெடுப்புகளின் பதிவுகளை இணைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், 16.2 கோடிப் பேரில் 98 லட்சம் பேர் பத்தாண்டில் தம் விடையை மாற்றியிருந்ததைக் கண்டனர். பல இனத்தவர் என்று குறித்தவர்கள் 2010இல் 90 லட்சம், அதாவது 2.9 விழுக்காடு, 2020இல் 3 கோடியே 38 லட்சம், 10.2 விழுக்காடு. தனிமனிதர் பேனா எடுத்ததும் அடையாளம் நெகிழ்ந்துவிட்டது என்று இதை வாசிக்கத் தோன்றும். ஆனால் இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு கேள்வியின் அமைப்பையும் விடைகளைப் பதியும் முறையையும் மாற்றியதால் வந்தது என்று கணக்கெடுப்புத் துறையே சொல்கிறது. பேனா நம் கையில் இருக்கும்போதும் கட்டம் வரைந்த கை வேறு. இந்தியர் கதையும் இதையே சொல்கிறது. 1970 கணக்கெடுப்பில் இந்தியர் வெள்ளையரோடு சேர்த்து எண்ணப்பட்டனர். சிறுபான்மையினருக்குரிய சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று இந்தியர் அமைப்புகள் முறையிட்டதால் 1980இல் 'ஆசிய இந்தியர்' என்ற தனிக் கட்டம் வந்தது. தனி ஒருவர் மனம் மாறினால் கட்டம் மாறாது. பலர் கூடிக் கேட்டால் மாறும்.

என் வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு உயிரியல்: இனம் உடலில் எழுதப்பட்டது, இதில் சட்டத்துக்கும் விருப்பத்துக்கும் என்ன வேலை? மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1972இல் செய்த கணக்கில், மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் குழுவுக்குள்ளேயே இருந்தது. பெரிய இனங்களுக்கு இடையிலானது 6 விழுக்காடு அளவே. மரபில் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்னோர் வாழ்ந்த நிலத்தின் தடயம் நம் அணுக்களில் உண்டு. ஆனால் அந்தத் தடயம் படிவத்தின் கட்டங்களோடு பொருந்துவதில்லை. அரிவாள் அணுச் சோகையைக் கறுப்பரின் நோய் என்று அமெரிக்காவில் நெடுங்காலம் கருதினார்கள். அதே அரிவாள் அணு 1952இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. மலேரியா பரவிய நிலங்களில் உடல் தேடிக்கொண்ட தற்காப்பு அது. ஆப்பிரிக்காவுக்கும் நீலகிரிக்கும் பொதுவாக இருந்தது கொசு. எந்த உயிரியல் ஒப்பை இனமென்று கொள்வது என்பதை உயிரியல் தானாகச் சொல்வதில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. விலையைச் சமூகமே குறிக்கிறது என்றால் தேர்வு வெறும் தோற்றம்தானே? இதற்குத் தென்னாப்பிரிக்கா விடை சொல்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பன் துறையில் இறக்கியது. அவர்கள் வழிவந்தவர்களின் பெயர்களில் முதலி 'மூட்லி' ஆயிற்று, கவுண்டர் 'கோவெண்டர்' ஆயிற்று. 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவர் மேலும் இன முத்திரை இட்டது. பார்வைக்கு வெள்ளையர், ஊரார் ஏற்பில் வெள்ளையர் என்பவையே அதன் அளவுகோல்கள். ஐயம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகி, விழுகிறதா, நிற்கிறதா என்று பார்த்த அலுவலர்களும் இருந்தனர். கறுப்பருக்கு மேலே ஒரு படி என்று இந்தியர் வைக்கப்பட்டனர். அந்தப் படியில் நின்றுகொள்வது எளிது. ஆனால் கறுப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிக்கோவோடு சேர்ந்து இயங்கிய சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி போன்ற இந்திய வம்சாவளி இளைஞர்கள் தம்மைக் கறுப்பர் என்றே அறிவித்தனர். ஒடுக்கப்பட்டு, ஒன்றாக நின்று அதை எதிர்ப்பவர்களே கறுப்பர் என்று அவர்களுடைய மாணவர் இயக்கம் 1971இல் வரையறுத்தது. தோல் நிறத்துக்குப் பதிலாக நேர்ந்த அநீதியையே அவர்கள் இன ஒப்பாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு விலை ராபன் தீவுச் சிறை. தேர்வு வெறும் தோற்றமாக இருந்திருந்தால் அந்த அரசு அதற்கு அஞ்சிச் சிறைக்கதவைத் திறந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பதிவுச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது.

மூன்றாவது மறுப்பு கடினமானது. தேர்வுக்கு இடமுண்டு என்றால் யாரும் எந்த இனத்தையும் உரிமை கொண்டாடலாமா? பிரேசிலில் இது அன்றாடக் கேள்வி. அங்கே 1976இல் உங்கள் நிறம் என்ன என்று கட்டங்கள் இல்லாமல் கேட்டபோது, மக்கள் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட சொற்களைச் சொன்னார்கள். பிரேசிலியா பல்கலைக்கழகம் கறுப்பின மாணவருக்கு இட ஒதுக்கீடு கொண்டுவந்து, விண்ணப்பதாரரின் நிழற்படத்தைப் பார்த்து ஒரு குழு முடிவு செய்யும் முறையை வைத்தது. 2007இல் ஒரே கருவில் பிறந்த, அச்சாக ஒத்த இரட்டையர் இருவர் விண்ணப்பித்தார்கள். குழு ஒருவரைக் கறுப்பர் என்று ஏற்றது, மற்றவரை மறுத்தது. பின்னர் அந்த முடிவு திருத்தப்பட்டது. பார்ப்பவர் கண்ணின் நிலையாமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் குழுவே கூடாது என்று நான் முடிவு கட்ட மாட்டேன். ஒதுக்கீடு என்பது ஓர் இனத்தவராக எண்ணப்பட்டதால் நேர்ந்த இழப்புக்கு ஈடு. கடையிலும் காவல் நிலையத்திலும் வேலை நேர்காணலிலும் அந்த இழப்பை உண்டாக்கியது பிறர் பார்வை. ஆகவே ஈடு கேட்கும் இடத்தில் பிறர் பார்வையும் ஒரு சான்றாக வருவது நியாயம். தம் மனத்தில் தம்மை எப்படியும் எண்ணிக்கொள்ள ஒருவருக்கு முழு உரிமை உண்டு. பிறர் கொடுத்த விலைக்கான ஈட்டைத் தாம் பெற்றுக்கொள்ளும் உரிமை அதில் அடங்காது. மனத்துக்குரிய தேர்வையும் பொது வளத்தில் உரிமை கேட்கும் தேர்வையும் இந்த இடத்தில் பிரித்தே ஆக வேண்டும்.

கடைசி மறுப்பு நல்லெண்ணத்தோடு வருவது. கட்டங்கள்தான் கேடு என்றால் கட்டங்களை அழித்துவிட்டால் என்ன? இனத்தை எண்ணாதிருப்போம், இனமும் மறைந்துபோகும். வர்ஜீனியாவில் கட்டம் ஒன்று மறைந்தபோது நடந்ததைக் கவனியுங்கள். 1924இல் அங்கே 'இனத் தூய்மை'ச் சட்டம் வந்தது. பிறப்பு, திருமணப் பதிவுகளின் தலைவராக 1912 முதல் 1946 வரை இருந்த வால்டர் பிளெக்கர், வர்ஜீனியாவில் உண்மையான செவ்விந்தியரே இல்லை, எல்லாரும் கலப்புற்ற கறுப்பரே என்று முடிவு கட்டினார். பழைய சான்றிதழ்களையும் திருத்தச் செய்தார். அந்தப் பழங்குடியினர் ஓர் இரவில் எங்கும் போய்விடவில்லை; அதே ஆற்றங்கரையில், அதே குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். ஆனால் ஏட்டில் இல்லாமல் போனார்கள். பின்னாளில் கூட்டரசின் அங்கீகாரம் கேட்டபோது, தொடர்ந்து இருந்து வந்ததற்கான ஆவணச் சான்று அழிந்துபோயிருந்தது. அவர்களுள் ஆறு குழுக்களை நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் ஏற்றுக்கொண்டது 2018இல்தான். கட்டத்தை அழித்தால் விலை அழிவதில்லை. அதைக் கொடுத்ததற்கான ரசீதுதான் அழிகிறது. ரசீதில்லாதவர் எந்த அவையில் போய் வழக்காடுவார்? வேற்றுமை நடக்கும் வரையில் அதை எண்ணத்தான் வேண்டும். எண்ணும் பேனாவை உரியவர் கையில் கொடுத்து, கட்டம் வரையும் இடத்திலும் அவரை உட்காரவைத்து எண்ண வேண்டும்.

ஆகவே ஒரு சமூகம் இன அடையாளத்தில் எவ்வளவு சுதந்திரம் தருகிறது என்பதை அறிய, படிவத்தில் எத்தனை கட்டங்கள் என்று எண்ணினால் போதாது. எத்தனை பேர் தாமே குறியிடுகிறார்கள் என்று பார்த்தாலும் போதாது. ஒவ்வொரு குறிக்கும் பின்னால் வாடகை வீடு கிடைப்பதில், சம்பளத்தில், காவலர் நிறுத்திக் கேட்பதில் எவ்வளவு விலை மறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த விலையைத் தனிமனிதரின் துணிவு மட்டும் குறைத்துவிடாது. பிளெஸ்ஸிக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது. மூட்லிக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. அதே சமயம் எழுந்து நின்று சொல்லும் ஒரு மனிதர் இல்லாமல் குழுவும் இயக்கமும் தொடங்கியதுமில்லை. அமைப்பு குறித்த விலையைப் பலர் கூடித்தான் குறைக்க முடியும். அதிகம் என்று முதலில் சொல்லும் குரல் மட்டும் எப்போதும் ஒருவருடையது.

மனிதரை மனிதரோடு ஒப்பிடும் பழக்கம் நம்மை விட்டுப் போகாது. ஒரு புடை ஒப்பைக் கொண்டு உறவு தேடுவது மொழியிலேயே ஊறிய இயல்பு. அந்த ஒப்பு அன்புக்கும் ஒற்றுமைக்கும் பயன்படுவதில் தவறில்லை. அட்லாண்டாவில் அடிபட்டுக் கிடந்த அந்த முதியவரைத் தேடி வந்தவரும் உறவென்றுதானே வந்தார்? உறவினர் வந்து கையைப் பிடித்துக்கொண்ட பிறகும் நோயாளி அதே கட்டிலில், அதே மருத்துவரின் பார்வையில் இருக்க வேண்டும். நம் சட்டங்களையும் படிவங்களையும் நிறுவனங்களையும் அந்த ஒரு கட்டிலை வைத்து அளந்து பாருங்கள் என்று கேட்டு முடிக்கிறேன்.